பழைய கருவிகளைக் கொண்டு தச்சு வேலையைத் தொடங்குதல்

தச்சு வேலை பழக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் பலர், முதல் பலகையைக் கையில் எடுப்பதற்கு முன்பே, கருவிகளின் பட்டியலைப் பார்த்து மலைத்து நின்றுவிடுகிறார்கள். மேசை ரம்பம், மின் இழைப்பான், துளையிடும் பொறி என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அவற்றை வைக்கத் தனி அறையும் வேண்டும் என்று தெரிந்ததும் ஆசை அடங்கிவிடுகிறது. ஆனால் ஒரு பெட்டியோ முக்காலியோ சுவர்த்தட்டோ செய்வதற்கு மரத்தில் நடக்க வேண்டிய வேலைகள் சிலவே: அளந்து கோடு போடுவது, அறுப்பது, இழைப்பது, உளியால் செதுக்குவது, துளையிடுவது, இவை நடக்கும்போது மரம் அசையாதபடி பிடித்திருப்பது. இந்த வேலைகளுக்கு உரிய கைக்கருவிகள் யாரோ ஒருவருடைய பரணிலோ கொட்டகையிலோ துருப்பிடித்துக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து உயிர்ப்பிக்கத் தெரிந்துகொண்டால், மிகக் குறைந்த செலவில், பல சமயம் செலவே இல்லாமல், இந்தத் தொழிலுக்குள் நுழைந்துவிடலாம்.

பழைய கருவி என்பதால் தரம் குறைந்தது என்று எண்ண வேண்டியதில்லை. உளியின் மதிப்பும் இழைப்புளித் தகட்டின் மதிப்பும் அவற்றின் எஃகில்தான் இருக்கின்றன. எஃகு வயதாவதால் கெடுவதில்லை. துரு ஆழமாக இறங்காத வரையில், மேற்பரப்புக்குக் கீழே இருக்கும் உலோகம் முதல் நாளில் இருந்தபடியே இருக்கும். கைவேலையை நம்பிப் பிழைத்தவர்களுக்காகச் செய்யப்பட்ட கருவிகள், இன்று மலிவு விலையில் விற்கும் புதியவற்றைவிட நன்றாக உழைப்பதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. பழைய கருவி வேலைக்குத் தயாரான நிலையில் நம் கைக்கு வந்து சேராது. தீட்டத் தெரியாதவரிடம் அது வெறும் இரும்புத் துண்டாகவே இருக்கும். ஆகவே தீட்டுவதையே முதல் பாடமாக வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எதைத் தேடுவது, எங்கே தேடுவது

முதலில் சேர்க்க வேண்டியவை: ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் அகலத்தில் ஒன்றும் 20 அல்லது 25 மில்லிமீட்டர் அகலத்தில் ஒன்றுமாக இரண்டு உளிகள், ஓர் இழைப்புளி, ஒரு கை ரம்பம், செங்கோணம் பார்க்கும் ஒரு மூலைமட்டம், ஓர் அளவுகோல், உளியைத் தட்டும் மரச் சுத்தியலான ஒரு கொட்டாப்புளி, இரண்டு கிளாம்ப், கையால் சுற்றும் துளைக்கருவி ஒன்று. இவ்வளவு போதும். கொட்டாப்புளி கிடைக்காவிட்டால் கனமான மரக்கட்டை ஒன்றில் பிடி செதுக்கிக்கொள்ளலாம். ஒரு பெட்டி நிறையக் கருவிகளை யாராவது மொத்தமாக விற்றால் மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிடத் தோன்றும். அதில் பாதியை என்ன செய்வது என்று தெரியாமல், மீதிப் பாதியைத் தீட்டவும் நேரம் கிடைக்காமல் போகும். ஒரு வேலை ஒரு கருவியைக் கேட்கும்போது அந்தக் கருவியைத் தேடுவதே நல்லது.

தேடுவதற்கான சிறந்த வழி, வாய்விட்டுச் சொல்வது. "தச்சு வேலை பழகுகிறேன், பழைய கருவிகள் இருந்தால் சொல்லுங்கள்" என்று உறவினர், அண்டை வீட்டார், உடன் வேலை செய்பவர்கள் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். தொழிலை விட்டு ஓய்ந்தவர்கள், தந்தையோ தாத்தாவோ விட்டுச்சென்ற கருவிகளை எறிய மனமில்லாமல் வைத்திருப்பவர்கள், வீடு மாறுகிறவர்கள் ஆகியோருக்கு, அந்தக் கருவிகள் பயன்படப்போகின்றன என்பதே பெரிய நிறைவு. இலவசமாகப் பெற்றால், அந்தக் கருவியால் முதலில் செய்த பொருளைக் கொண்டுபோய் அவர்களிடம் காட்டுங்கள். இதைத் தவிர, பழைய இரும்புக் கடைகள், பழம்பொருள் சந்தைகள், இணையத்தில் வரும் பழைய பொருள் விளம்பரங்கள், கருவிகளை இரவல் தரும் நூலகங்கள், பலர் சேர்ந்து நடத்தும் பொதுப் பட்டறைகள் ஆகியவற்றையும் பார்க்கலாம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

உளியில் முதலில் பார்க்க வேண்டியது அதன் தட்டையான பின்புறம். வெட்டும் விளிம்பு என்பது, தட்டையான பின்புறமும் சாய்வாகத் தேய்த்த முன்புறமும் சந்திக்கும் கோடு. சாய்வுப் பக்கத்தில் துருக்குழிகள் இருந்தால் கவலையில்லை, தீட்டும்போது அந்த இடம் தேய்ந்து மறைந்துவிடும். பின்புறத்தில், விளிம்பை ஒட்டிய பகுதியில் ஆழமான குழிகள் இருந்தால் ஒவ்வொரு குழியும் விளிம்பில் ஒரு பள்ளமாக வெளிப்படும். தொடக்கத்தில் இது எனக்குத் தெரியாது. பளபளப்பான பிடியைப் பார்த்து ஓர் உளியை வாங்கி, இரண்டு மாலைப்பொழுதுகள் தேய்த்தேன்; விளிம்பு கூராயிற்று, ஆனால் மரத்தைச் சீவும்போதெல்லாம் சீவிய பரப்பில் தலைமுடி அளவில் மூன்று கோடுகள் எழும்பி நின்றன. அவை அந்த மூன்று குழிகளின் தடங்கள். பிடி உடைந்திருந்தாலும் பிளந்திருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம், புதிய பிடி செய்வது ஒரு நாள் வேலை. அலகு குட்டையாகத் தேய்ந்துபோயிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை ஒரே வகைப்பட்டவை. அமெரிக்கரான லெனார்ட் பெய்லி 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கிய அமைப்பின் உரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் வாங்கியது. பின்னர் வேறு பல நிறுவனங்களும் அதே அமைப்பைப் பின்பற்றின. எண்களும் அப்படியே நிலைத்துவிட்டதால், 4 என்ற எண் பொறித்த இழைப்புளி எங்கே கிடைத்தாலும் அது ஏறக்குறைய 9 அங்குல நீளமும் 2 அங்குலத் தகடும் கொண்டதாக இருக்கும். 5 என்ற எண் 14 அங்குல நீளத்தைக் குறிக்கும். புதியவர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5-ஆம் எண்ணைத் தேடச் சொல்வேன். அது கரடுமுரடான பலகையைச் சமன்படுத்தவும் உதவும், விளிம்புகளை நேராக்கவும் உதவும். வாங்குவதற்கு முன் தகட்டைக் கழற்றிவிட்டு, வார்ப்பிரும்பு உடலில், குறிப்பாகத் தகடு வெளியே வரும் வாயின் இரு ஓரங்களிலும், விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இருந்தால் வேண்டாம். திருகுகள் எல்லாம் சுழல்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஏனெனில் அவற்றின் புரி அளவு வழக்கமான திருகுகளோடு பெரும்பாலும் பொருந்தாது, தனியே தேடுவது கடினம்.

ரம்பத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பல்வரிசையின் வழியே பாருங்கள். மெல்லிய வளைவை நிமிர்த்திவிடலாம். மடிந்து முறுக்கிய தகட்டைச் சரிசெய்வது புதியவருக்கு ஆகாத வேலை. பற்களின் நுனி மட்டும் நீலங்கலந்த கறுப்பாக இருந்தால் அவை வெப்பத்தால் கடினப்படுத்தப்பட்டவை என்று பொருள். அவற்றில் அரம் வேலை செய்யாது. கூராக இருந்தால் வாங்குங்கள், மழுங்கியிருந்தால் விட்டுவிடுங்கள்.

மூலைமட்டத்தைச் சோதிக்க நேரான விளிம்புள்ள பலகையும் கூரான பென்சிலும் போதும். மட்டத்தை விளிம்பில் பதித்து ஒரு கோடு போடுங்கள். பிறகு மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. விலகினால், மட்டத்தின் பிழையைப் போல் இரு மடங்கு விலகல் உங்கள் கண்முன் தெரியும்.

பழைய மின்கருவிகளைப் பொறுத்தவரை நான் எச்சரிக்கையாகவே இருக்கச் சொல்வேன். கம்பியின் உறை வெடித்திருந்தாலோ, பாதுகாப்பு மூடி இல்லாதிருந்தாலோ, பொத்தானை விட்ட பிறகும் பொறி ஓடினாலோ, இலவசமாகத் தந்தாலும் ஏற்க வேண்டாம். கை துளைப்பொறி ஒன்றைத் தவிர வேறெந்த மின்கருவியும் முதல் ஆண்டில் அவசியமில்லை.

துருவை நீக்குதல்

மேலோட்டமான துருவுக்குச் சிறிது எண்ணெயும் இரும்பு நார்ப்பந்தும் போதும். கனத்த துருவுக்குச் சமையலறை வினிகர் ஏற்றது. மரப்பிடியையும் பித்தளைப் பாகங்களையும் கழற்றிவிட்டு, இரும்புப் பாகங்களை மட்டும் பிளாஸ்டிக் தொட்டியில் வினிகரில் மூழ்க வையுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், ஓர் இரவுக்கு மேல் வைக்க வேண்டிய தேவை அரிதாகவே வரும். அமிலம் துருவோடு நிற்காது. நேரம் போகப் போக நல்ல உலோகத்தையும் அரித்துச் சாம்பல் நிறமாக்கிவிடும். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். இந்தக் கடைசிப் படியைத் தள்ளிப்போட்டால் சில நிமிடங்களிலேயே செம்மஞ்சள் நிறத்தில் புதிய துரு படரும். பழைய பெயின்ட் பூசியிருக்கும் கருவியை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பழங்காலப் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும், அதன் தூசு நுரையீரலுக்குள் போகக் கூடாது.

தீட்டுதல்

இதற்கு விலையுயர்ந்த சாணைக்கற்கள் தேவையில்லை. சமமான தடித்த கண்ணாடித் துண்டு அல்லது பளபளப்பாக்கிய கிரானைட் துண்டு ஒன்றின் மீது, நீரில் நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளலாம். 220, 400, 1000, 2000 ஆகிய நான்கு எண்கள் போதும். எண் கூடக் கூடத் தாள் நயமாகும்.

முதலில் உளியின் பின்புறம். விளிம்பிலிருந்து ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளத்துக்கு மை எழுதுகோலால் கறுப்பாக்கிவிட்டு, 220-ஆம் எண் தாளின்மேல் முழுவதும் படியுமாறு வைத்து, விரல்களால் அழுத்தி முன்னும் பின்னும் தேயுங்கள். மை அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். விளிம்பை ஒட்டிய பகுதி முழுவதும் மை அழியும் வரை தேய்க்க வேண்டும். கை வலிக்கும், சலிப்பும் வரும். ஆனால் ஓர் உளிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்ய வேண்டிய வேலை இது. பின்புறத்தை எக்காரணம் கொண்டும் தூக்கிப் பிடித்துத் தேய்க்காதீர்கள். ஒருமுறை விளிம்பு உருண்டுவிட்டால் மறுபடி தட்டையாக்குவது பெரும்பாடு. பிறகு 400, 1000, 2000 என்று வரிசையாகப் போனால் பின்புறத்தில் உங்கள் கண் தெரியும் அளவுக்குப் பளபளப்பு ஏறும்.

அடுத்து சாய்வுப் பக்கம். பொதுவான வேலைக்கு 25 டிகிரியில் சாய்வைத் தேய்த்து, நுனியில் மட்டும் 30 டிகிரியில் முடிப்பது நெடுங்கால வழக்கம். கோணமானி இல்லாமல் இதை அறிய ஓர் எளிய கணக்கு இருக்கிறது: சாய்வின் நீளம் அலகின் கனத்தைப் போல் சரியாக இரு மடங்கு இருந்தால் அது 30 டிகிரி, இரு மடங்கைவிடச் சற்று அதிகமாக, ஏறக்குறைய 2.4 மடங்கு இருந்தால் 25 டிகிரி. தொடக்கத்தில் உளியைக் கவ்விப் பிடித்து உருளும் சிறு வழிகாட்டிச் சட்டம் ஒன்றைப் பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. கை பழகிய பிறகு அதை விட்டுவிடலாம்.

சாய்வைத் தேய்த்துக்கொண்டே வரும்போது ஒரு கட்டத்தில், பின்புறத்தில் விளிம்பைத் தாண்டி மெல்லிய பிசிறு ஒன்று எழும்பும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கட்டைவிரலைப் பின்புறத்திலிருந்து விளிம்பை நோக்கி வழித்து வெளியே கொண்டுபோனால், துணியின் ஓரம் போல் சொரசொரவென்று தட்டுப்படும். விரலை விளிம்பின் நீளவாக்கில் மட்டும் ஓட்டிவிடாதீர்கள். அகலம் முழுவதும் அந்தப் பிசிறு உணரப்பட்டால், இரண்டு பரப்புகளும் சந்தித்துவிட்டன என்று பொருள். அதன் பிறகுதான் அடுத்த நயமான தாளுக்குப் போக வேண்டும். பிசிறு வருவதற்கு முன்பே தாளை மாற்றிவிடுவதுதான் "எவ்வளவு தேய்த்தாலும் கூர் வரவில்லை" என்று புதியவர்கள் வருந்துவதற்குப் பெரும்பாலும் காரணம். கடைசித் தாளில் பின்புறத்தைப் படிய வைத்து ஓரிரு முறை இழுத்தால் பிசிறு விழுந்துவிடும். பழைய தோல்வாரில் விளிம்பைப் பின்னோக்கி இழுத்து முடிக்கலாம்.

மின் சாணையைப் பயன்படுத்த நேர்ந்தால் உளியை நொடிக்கு நொடி நீரில் தோய்த்துக் குளிரவையுங்கள். விளிம்பு நீலமாக மாறினால் அந்த இடத்தில் எஃகு தன் கடினத்தை இழந்துவிட்டது. நீலப் பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கினால் ஒழிய அந்த விளிம்பு நிற்காது.

கூரை எப்படிச் சோதிப்பது? விளிம்பை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளிக்கோடு போல் மின்னும். கூரான விளிம்பில் ஒளி தங்காது. பிறகு மென்மரத் துண்டு ஒன்றின் குறுக்குவெட்டு முனையைக் கையழுத்தத்தால் மட்டும் சீவிப் பாருங்கள். நார்கள் நசுங்கி வெளிறித் தெரிந்தால் இன்னும் தீட்ட வேண்டும். மெழுகைச் சீவியதுபோல் மினுமினுப்பான பரப்பு கிடைத்தால் உளி தயார். இனி நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: மரத்தைக் கிளாம்பில் இறுக்கிவிட்டு, இரு கைகளும் எப்போதும் விளிம்புக்குப் பின்னால் இருக்குமாறு வேலை செய்யுங்கள்.

இழைப்புளித் தகட்டையும் இதே முறையில்தான் தீட்ட வேண்டும். தீட்டிய பின், அதன்மேல் அமரும் மேல்தகட்டின் நுனி, வெட்டும் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்குமாறு பொருத்துங்கள்; இரண்டுக்கும் இடையே ஒளி புகும் இடைவெளி இருந்தால் சீவல் அங்கே சிக்கி வாயை அடைத்துக்கொள்ளும். இழைப்புளியைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பரப்பின் வழியே நோக்கி, தகடு ஒரு கறுப்பு இழையளவு மட்டும் இரு பக்கமும் சமமாக வெளியே தெரியும்படி திருகைச் சரிசெய்யுங்கள். முதலில் எதுவும் சீவாத நிலையில் வைத்து, இழைத்துக்கொண்டே சிறிது சிறிதாக இறக்குவது பாதுகாப்பான வழி. அடிப்பரப்பில் மெழுகுவர்த்தியால் இரண்டு கீறல் கீறிவிட்டால் பலகையின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். இழைக்கும்போது மரம் பிய்ந்து எழும்பினால், நார் எதிர்த்திசையில் ஓடுகிறது. பலகையைத் திருப்பிப் போட்டு இழையுங்கள்.

ரம்பத்தைத் தீட்டுவதைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாம். நார் ஓடும் திசையில் பிளப்பதற்கான ரம்பத்தின் பற்கள் சிறு உளிகளின் வரிசை போன்றவை, நாரைக் குறுக்காக அறுப்பதற்கான ரம்பத்தின் பற்கள் கத்தி முனைகள் போன்றவை. முன்னதை முக்கோண அரத்தால் நேர்க்குறுக்காக அராவினால் போதும் என்பதால் அதில் பழகுவது எளிது.

மரம்

கருவிக்குச் செலவழிக்காதவர் மரத்துக்கும் தொடக்கத்தில் செலவழிக்க வேண்டாம். உடைந்த மேசை, பழைய கட்டில் சட்டம், சரக்குத் தட்டு எனப்படும் பேலட் ஆகியவற்றிலிருந்து நல்ல பலகைகள் கிடைக்கும். பழைய நாற்காலியின் மரம் பல ஆண்டுகள் உலர்ந்து நிலைப்பட்டது என்பதால், புதிதாக அறுத்த பச்சை மரத்தைவிட மேலானது. பன்னாட்டுப் போக்குவரத்துக்கான பேலட்டுகளில் ஐஎஸ்பிஎம் 15 என்ற விதிப்படி ஒரு முத்திரை இருக்கும். அதில் எச்.டி. (HT) என்ற எழுத்துகள் இருந்தால், பூச்சிகளை அழிக்க மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள்; அதைப் பயன்படுத்தலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பதப்படுத்தியது, அதைத் தொட வேண்டாம். முத்திரை எதுவாயினும், எண்ணெயோ வேதிப்பொருளோ சிந்திய கறை இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

பழைய மரத்தில் புதைந்திருக்கும் ஆணிதான், அரும்பாடுபட்டுத் தீட்டிய விளிம்புக்கு முதல் எதிரி. ஒவ்வோர் அங்குலத்தையும் ஒரு காந்தத்தால் தடவிப் பார்த்த பிறகே இழைப்புளியை வையுங்கள். மரத்தூளும் சிறிய விஷயம் அன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. இழைப்புளி சுருள் சுருளாகச் சீவல் தருவதால் அதில் தூசு குறைவு. உப்புத்தாள் தேய்க்கும்போது நல்ல முகக்கவசம் அணிய வேண்டும்.

முதல் வேலை

முதலில் செய்யத் தக்கது, மேசையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டு மரத்தை அறுப்பதற்கு உதவும் ஒரு தாங்குபலகை. ஏறக்குறைய 250 மில்லிமீட்டர் நீளமும் 180 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு பலகையை எடுத்து, அதன் மேற்புறத்தில் ஒரு முனையிலும் அடிப்புறத்தில் மறுமுனையிலும் அகலவாக்கில் ஒவ்வொரு கட்டையைப் பொருத்த வேண்டும். அடிக்கட்டை மேசையின் விளிம்பில் கொளுவிக்கொள்ளும். அறுக்க வேண்டிய மரத்தை மேற்கட்டையோடு சேர்த்து இடது கையால் அழுத்திப் பிடித்தால், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் தனியாக இல்லாமலே அது அசையாமல் நிற்கும். வலது கைக்காரர்கள் மேற்கட்டையை வலப்பக்கம் 20 மில்லிமீட்டர் குறைத்துப் பொருத்தினால், ரம்பம் மரத்தை அறுத்து முடிக்கும்போது மேசையில் படாமல் தாங்குபலகையில் படும். ஆணியோ திருகோ வேண்டாம், பசையும் மர முளைகளும் போதும். என்றைக்காவது ரம்பம் அங்கே போனாலும் பற்கள் தப்பிக்கும். கட்டையும் பலகையும் சந்திக்கும் மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பசை காய்வதற்கு முன் மூலைமட்டத்தால் பாருங்கள். அளப்பது முதல் துளையிடுவது வரை எல்லா வேலைகளும் இந்தச் சிறு பொருளுக்குள் வந்துவிடுகின்றன.

தாங்குபலகை முடிந்ததும் ஒரு கழிவுச் சட்டத்தை எடுத்து அதில் வைத்து, 10 மில்லிமீட்டர் இடைவெளியில் மூலைமட்டத்தால் கோடுகள் போட்டு ஒவ்வொன்றாக அறுங்கள். ரம்பப் பிடியை மூன்று விரல்களால் பிடித்து, சுட்டுவிரலை முன்னோக்கி நீட்டிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று இழுப்பைப் பின்னோக்கியே இழுத்துச் சிறு தடம் ஏற்படுத்துங்கள். பிறகு அழுத்தாமல், ரம்பத்தின் எடையே அறுக்கும்படி நீண்ட வீச்சில் தள்ளுங்கள். கோட்டின் மேல் அறுக்காமல், கழிவுப் பக்கம் கோட்டை ஒட்டி அறுத்தால் கோடு கடைசி வரை கண்ணில் இருக்கும். முதல் பத்துத் துண்டுகள் கோணலாகவே வரும். இருபதாவது துண்டை முதல் துண்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கை எவ்வளவு பழகியிருக்கிறது என்று தெரியும்.

அடுத்ததாக மூடியில்லாத சிறு பெட்டி ஒன்றைச் செய்யலாம். அப்போது ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும்: காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மரம் அகலவாக்கில் விரிந்து சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. ஆகவே அகலமான அடிப்பலகையை நான்கு பக்கமும் பசையிட்டு இறுக்கினால் ஒரு நாள் பிளந்துவிடும். பக்கப்பலகைகளில் காடி எனப்படும் நீளப் பள்ளம் வெட்டி, அடிப்பலகையை அதற்குள் தளர்வாக நகரும்படி விட்டுவிடுங்கள்.

பெட்டிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவது எளிது. மெல்லியதாகத் துணியால் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிஞ்சியதைத் துடைத்தெடுத்துவிட வேண்டும். அந்தத் துணியைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளியிடும். மடிப்புகளுக்குள் அந்த வெப்பம் அடைபட்டுத் துணி தானே தீப்பற்றிக்கொள்ளும். வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில், ஒற்றை மடிப்பாக விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.